சுவேத நதிக்கரையில் இலங்கையின் கதை

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வாழப்பாடியைக் கடந்து ஆத்தூரை நெருங்கும் பிரயாணியின் கண்ணில் முதலில் படுபவை, சாலையின் இருமருங்கும் ஆளுயரத்துக்கு நிற்கும் குச்சிக்கிழங்குக் காடுகளும், அக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசியாக்கும் சேகோ ஆலைகளும், ஆலைகளின் முன்னே களத்தில் காயப் பரப்பிய வெண்மணிகளும்தாம். மூக்கில் முதலில் ஏறுவதோ மாவுத் தொட்டிகளிலிருந்து வரும் புளித்த நெடி. ஆத்தூரில் பஸ் மாறித் தெற்கே திரும்பினால் நெடி குறைகிறது, நிழல் கூடுகிறது. பாக்குத் தோப்புகளும் மஞ்சள் வயல்களும் மக்காச்சோளக் கொல்லைகளும் மாறி மாறி வர, தூரத்தில் நீலக் கோடாகத் தெரிந்த பச்சைமலைத் தொடர் பச்சை நிறங்கொண்டு அருகே வந்து நிற்கும்போது, சுவேத நதியின் கரையில் கெங்கவல்லி வந்து சேர்கிறது.

இது பாடல் பெற்ற ஸ்தலமுமன்று, கோட்டை கொத்தளம் கொண்ட ராஜதானியுமன்று. ஒரு தாலுகாவின் தலைமை இடம், அவ்வளவே. இனங்களாகப் பிளவுண்ட தேசத்தில் ஆட்சியதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது எங்ஙனம் என்னும் கேள்வியை ஆராய்பவர்கள் பெல்பாஸ்டுக்கும் பெய்ரூட்டுக்கும் செல்வார்களே ஒழியக் கெங்கவல்லிக்கு வரமாட்டார்கள். ஆயினும் நான் அந்தக் கேள்வியோடுதான் வந்தேன். அக்கேள்விக்கு விடை காணத் தவறிய ஒரு நாட்டின் மக்கள் இந்தத் தாலுகாவின் நாகியம்பட்டியிலும் செந்தாரப்பட்டியிலும் ஒரு தலைமுறைக்கு மேலாக அகதி முகாம்களில் குடியிருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு இம்முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. அப்போது அரசு வெளியிட்ட கணக்கின்படி, 1983 முதல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து வந்திருக்க, ஏறத்தாழ 58,000 பேர் 108 முகாம்களில் எஞ்சியிருந்தார்கள்.

என் நண்பர் ஒருவர் இவ்வட்டாரத்துப் பள்ளியில் நெடுங்காலம் சரித்திரம் போதித்து ஓய்வு பெற்றவர். முகாமுக்குள் வெளியார் செல்வதற்கு அனுமதி வேண்டுமாதலால், நாகியம்பட்டியில் சாலையோரத்துத் தேநீர்க் கடையொன்றில் என்னை உட்கார வைத்துவிட்டு, தம்மிடம் படித்த இளைஞன் ஒருவனையும் அவனுடைய பாட்டியையும் அழைத்து வந்தார். இளைஞனின் விரல் நகங்களின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. முகாம்களின் ஆடவர் பலருக்கும் சுவர்களுக்கு வர்ணம் பூசுவதே பிழைப்பு. எஞ்சினியரிங் படித்தவனும் அதே வாளியைத்தான் தூக்குகிறான், ஏனெனில் குடியுரிமை கேட்கும் உத்தியோகம் எதற்கும் அவனால் விண்ணப்பம் போட முடியாது. கடைக்காரரிடம் அவன் சேலத்துப் பேச்சுப் பேசினான். பாட்டியிடம் திரும்பியதும் அவன் நாவில் வவுனியா வந்து உட்கார்ந்தது.

மூதாட்டி என்னை ‘தம்பி’ என்றே அழைத்தார். அவர் பிறந்தது மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில். 1977ஆம் வருஷத்துக் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைக்கப்பட, குடும்பத்தோடு வடக்கே ஓடி, வவுனியாவில் காட்டை வெட்டிக் குடிசை போட்டார்கள். அங்கும் யுத்தம் வந்தது. 1990இல் பேசாலையில் படகேறி, இராமேசுவரத்துக் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, லாரியில் ஏற்றப்பட்டு, இந்த ஊர் என்று தெரியாமலே இங்கே வந்து இறங்கினார்.

“எங்க ஐயாவோட ஐயா இந்தச் சேலத்துப் பக்கம் இருந்துதான் கங்காணியோட போனவர்னு சொல்லுவாங்க தம்பி. எந்த ஊருன்னு மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா நடந்து போயிப் பாத்துட்டு வந்துருவேன்” என்றார்.

அவர் சொன்னதற்குச் சரித்திரம் சாட்சி சொல்லும். இலங்கையின் மலைநாட்டில் முதலில் காப்பியும், காப்பியை நோய் அழித்த பிற்பாடு தேயிலையும் பயிரிட்ட வெள்ளைக்காரத் துரைமார்களுக்குக் கூலிகளைத் திரட்டித் தந்த ஜில்லாக்களுள் திருச்சிராப்பள்ளியும் சேலமும் முன்வரிசையில் நின்றன. மழை பொய்த்த வருஷங்களில் முன்பணத்தோடு ஊருக்குள் வந்த கங்காணியின் பின்னால் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுச் சென்றார்கள். 1901ஆம் ஆண்டுக்குப் பிறகு சென்றவர்களுக்குத் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டும் உண்டு. அவர்களுடைய சந்ததியார்தாம், இலங்கை சுதந்திரம் அடைந்த அதே 1948ஆம் ஆண்டில், அந்தச் சுதந்திர நாட்டின் பாராளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டார்கள். மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டிலிருந்து அனுப்பிய பிரதிநிதிகள், 1952இல் ஒருவர்கூட இல்லாமற்போயினர்.

இலங்கைக்கு அதிகாரப் பகிர்வு என்பது தெரியாத சங்கதியாக இருந்து, அதனால் இந்தக் கேடு விளைந்தது என்று எண்ணுவோமாயின் அது பிழை. 1931ஆம் ஆண்டில் டொனமூர் ஆணைக்குழுவின் யோசனைப்படி அமைந்த அரசாங்க சபை, ஆசியாவில் வேறெங்கும் காணாத ஒரு நூதன ஏற்பாடு. வளர்ந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியது மட்டுமன்று. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவே இல்லாமல், சபையின் அங்கத்தினர் யாவரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து அமர்ந்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிந்தெடுக்க, அத்தலைவரே அந்த இலாகாவின் மந்திரியாவார் என்று விதித்தது. பிளவுண்ட சமூகத்தில் எல்லோரையும் ஆட்சிக்குள் கொண்டுவருவதற்கு இதைவிட நேர்மையான நோக்கம் இருந்திருக்க முடியாது. அந்த முதல் மந்திரி சபையில் மலைநாட்டுத் தமிழரான பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாக இருந்தார். முஸ்லிம் ஒருவரும் இருந்தார். தேயிலைத் தோட்டத்து மக்களிலிருந்து எழுந்த ஒருவர் மந்திரியாக அமர்ந்த அந்த நாட்டில், பதினேழே ஆண்டுகளில் அந்த மக்கள் பிரஜைகளே அல்லர் என்று சட்டம் வந்தது.

இடையில் நடந்தது என்ன? 1936இல் புதிய சபை கூடியபோது, பெரும்பான்மையினர் ஒவ்வொரு குழுவிலும் தங்களுக்குப் பெரும்பான்மை இருக்கும்படி அங்கத்தினரைப் பங்கிட்டு அமர்த்தி, ஏழு தலைவர் பதவிகளையும் சிங்களவரே பெறும்படி செய்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியரான சுந்தரலிங்கம் என்னும் தமிழரே என்று சொல்வதுண்டு. சட்டத்தின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. நியாயமாக வாக்கெடுத்தே எல்லாம் நடந்தது. பகிர்வதற்கென்றே கட்டிய யந்திரம், பகிராமலிருப்பதற்கும் அதே சுலபத்தோடு சுழன்றது. அதன் பிறகு ஜி. ஜி. பொன்னம்பலம் சிங்களவருக்குப் பாதி, சிறுபான்மையினர் அனைவருக்குமாகப் பாதி என்று ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கேட்டதில் வியப்பில்லை. அரசியலமைப்பை வகுக்க வந்த சோல்பரி ஆணைக்குழு அதை நிராகரித்துவிட்டு, எந்த இனத்துக்கும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று 29ஆம் பிரிவில் ஒரு வரம்பு கட்டியது. குடியுரிமைச் சட்டத்தை அந்த வரம்பு தடுக்குமென்று நம்பியவர்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றார்கள்.

அந்தக் காலத்து நிகழ்ச்சிகளுள் என் மனத்தை மிகவும் வருத்துவது வேறொன்று. மலைநாட்டு மக்களின் வாக்குரிமை பறிபோய்க்கொண்டிருந்தபோது, தமிழ்க் காங்கிரஸ் தலைவராகிய பொன்னம்பலம் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்காவின் மந்திரி சபையில் கைத்தொழில், மீன்பிடி மந்திரியாக அமர்ந்தார். தமிழர் ஒருவருக்கு மந்திரி பதவி; தமிழர் பல லட்சம் பேருக்கு நாடில்லை. இதைச் சகியாமல் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பதவியைப் பெறுவதும் அதிகாரத்தைப் பகிர்வதும் ஒன்றல்ல என்ற பாடத்தை, இவ்விஷயத்தைப் பற்றிய எந்தப் பெரும் புஸ்தகமும் இத்தனை துலாம்பரமாகச் சொன்னதில்லை என்பது என் அபிப்பிராயம்.

மூதாட்டிக்கு இந்தப் பெயர்களெல்லாம் தெரிந்திருந்தன. “பெரியவங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாங்கன்னு ரேடியோவுல சொல்லுவாங்க. அப்புறம் அதைக் கிழிச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க. ரெண்டு தடவையும் எங்களை யாரு தம்பி கேட்டாங்க?” என்று அவர் கேட்டபோது, பேரன் தலை குனிந்து கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவர் குறிப்பிட்ட கையெழுத்துக்களுள் முதலாவது 1957 ஜூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்காவுக்கும் செல்வநாயகத்துக்கும் இடையே ஆனது. அதற்கு முந்திய ஆண்டில்தான் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் நிறைவேறியிருந்தது. அச்சட்டத்தைக் கொண்டுவந்த பண்டாரநாயக்கா, தம் இளம் பிராயத்தில், 1926ஆம் ஆண்டிலேயே, இலங்கைக்குப் பொருத்தமானது சமஷ்டி ஆட்சியே என்று பத்திரிகையில் தொடர்ந்து எழுதியவர். ஆகவே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட கை, அறியாமல் கையொப்பமிட்ட கையன்று. வட மாகாணத்துக்கு ஒரு பிராந்திய சபை; கிழக்கு மாகாணத்துக்கு இரண்டோ அதற்கு மேலோ; சபைகள் விரும்பினால் மாகாண எல்லை கடந்தும் இணைந்துகொள்ளலாம்; விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, காணி, குடியேற்றம் ஆகிய விஷயங்களில் அவற்றுக்கு அதிகாரம்; வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் நிர்வாகம். சமஷ்டி கேட்டவர்கள் அதைத் தற்காலத்துக்கு ஒதுக்கி வைத்தார்கள். நடக்கவிருந்த சத்தியாக்கிரகத்தையும் கைவிட்டார்கள். அக்டோபரில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜே. ஆர். ஜயவர்தனா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9ஆம் தேதி பிக்குகள் பிரதமரின் ரோஸ்மீட் பிளேஸ் இல்லத்து வாசலில் அமர்ந்தார்கள், ஒப்பந்தம் ரத்து என்று வாயால் சொன்னது போதாது, எழுத்தில் வேண்டும் என்றார்கள், எழுதியும் கொடுக்கப்பட்டது. மறுமாதமே கலவரம் மூண்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், பிக்கு ஒருவர் சுட்டதில் பண்டாரநாயக்காவே மாண்டார்.

1965இல் பிரதமர் டட்லி சேனாநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. அதன் பயனாகத் தமிழரசுக் கட்சியின் திருச்செல்வம் உள்ளூராட்சி மந்திரியாகி, மாவட்ட சபைகளுக்கான திட்டத்தைத் தாமே வரைந்தும், 1968இல் அது கைவிடப்பட, அதே ஆண்டில் அவர் பதவி துறந்தார். கிழித்தவர்கள் வேறு, கிழிந்த விதம் ஒன்றே.

அன்று மாலை நண்பர் தம் தோட்டத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். பாக்கு மரங்களுக்கு நடுவே கருங்கல் கட்டிய ஆழமான கிணறு. நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான கூட்டுக் கிணறு. வாரத்தின் நாட்களை முறை வைத்துப் பிரித்துக்கொண்டு, அவரவர் முறைக்கு அவரவர் மோட்டார் ஓட்டிக்கொள்வது என்பது பாகப் பத்திரத்தில் எழுதப்பட்ட ஏற்பாடு. பத்திரத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மின் இணைப்பு மூத்தவர் பெயரில், மீட்டர்ப் பெட்டி மூத்தவர் கொட்டகையில். வரப்புத் தகராறு ஒன்றில் மனஸ்தாபம் வந்த கோடையில், இளையவர் முறை வரும் நாளெல்லாம் மூத்தவர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். மஞ்சள் காய்ந்தது, வழக்கு ஆத்தூர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. முடிவில் சமாதானம் எப்படி ஏற்பட்டதென்றால், முறை நாட்களைத் திருத்தி எழுதியதனால் அன்று. மீட்டர்ப் பெட்டியைக் கொட்டகையிலிருந்து பெயர்த்துக் கிணற்று மேட்டில் பொதுவில் வைத்து, நால்வரிடமும் சாவி கொடுத்ததனால். நண்பர் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார். கதவின் உட்புறத்தில் நால்வரின் முறை நாட்களும் கரியால் எழுதப்பட்டு, ஈரத்தில் பாதி அழிந்திருந்தன.

1957ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின் குறை எனக்கு அந்த மேட்டில் நின்றபோது விளங்கியது போல அதுவரையில் விளங்கியதில்லை. அதன் ஷரத்துக்கள் நல்லவை. ஆனால் அதை முறிப்பவன் எதையும் இழக்கமாட்டான். தமிழர் தலைவர் தம் போராட்டத்தை முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிட்டார். பிரதமரோ ஒப்பந்தத்தைக் கைவிட்ட மறுநாளும் பிரதமராகவே இருந்தார். ஒருவன் மட்டும் தனித்து முறிக்கக்கூடியது பகிர்வன்று, தயவு.

வட அயர்லாந்தின் கதை இதனோடு வைத்து நோக்கத்தக்கது. அங்கும் புராடஸ்டண்டுப் பெரும்பான்மை அரை நூற்றாண்டு தனித்தே ஆண்டது. 1974 ஜனவரியில் இரு சமூகங்களும் சேர்ந்து அமைத்த சன்னிங்டேல் அரசாங்கம், பெரும்பான்மைச் சமூகத்துத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தால் அதே ஆண்டு மே மாதத்தில் வீழ்ந்தது. நமது ரோஸ்மீட் பிளேஸ் வாசலின் அயர்லாந்து வடிவம் அது. இருபத்துநான்கு ஆண்டுகள் இரத்தம் சிந்திய பிறகு, 1998 ஏப்ரல் 10இல் பெரிய வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, பழைய பிழையிலிருந்து அவர்கள் ஒன்று கற்றிருந்தார்கள். முதல் மந்திரியும் துணை முதல் மந்திரியும் சம அதிகாரம் உடையவர்கள். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் நீடிக்க இயலாது. மற்ற மந்திரி பதவிகள் கட்சிகளின் பலத்துக்கேற்ப ஒரு கணிதச் சூத்திரத்தின்படி தாமாகவே பங்கிடப்படுகின்றன. யாரும் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டுவதில்லை. இதன் விலை சொற்பமன்று: 2002 முதல் 2007 வரையிலும், 2017 முதல் 2020 வரையிலும், மீண்டும் 2022 முதல் 2024 வரையிலும் பெல்பாஸ்டில் மந்திரி சபையே இல்லாமற்போயிற்று. முடங்கிப்போகும் ஆட்சி என்று இதைப் பழிப்பவர்கள் பலர். எனக்கோ, ஒரு ஆட்சி முடங்கிக் கிடப்பதும் ஒரு நூல்நிலையம் எரிவதும் ஒன்றாகத் தோன்றவில்லை. 1981இல் யாழ்ப்பாணத்து நூல்நிலையம் எரிந்தது, மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலுக்குச் சில தினங்களுக்கு முன்புதான்.

ஆயினும் இரண்டு சாவிகள் மட்டும் போதும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. 1960இல் சுதந்திரம் பெற்ற சைப்ரஸில் கிரேக்க ஜனாதிபதிக்கும் துருக்கிய உப ஜனாதிபதிக்கும் தடை அதிகாரம் தந்து, உத்தியோகங்களை எழுபதுக்கு முப்பது என்று பிரித்து வைத்தும், மூன்று ஆண்டுகளில் அந்த ஏற்பாடு துப்பாக்கிச் சப்தத்தில் முடிந்தது. லெபனான் 1943இல் கிறிஸ்தவருக்கு ஆறு, முஸ்லிம்களுக்கு ஐந்து என்று ஸ்தானங்களைப் பகுத்தது. அதற்கு ஆதாரமாயிருந்த 1932ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குக்குப் பிறகு, கணக்கு மாறிவிடுமோ என்ற பயத்திலேயே அந்நாடு மக்களை எண்ணுவதை விட்டுவிட்டது. பாஸ்னியாவில் 1995ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி பாஸ்னியாக்கியர், செர்பியர், குரோசியர் ஆகிய மூன்று இனத்தாரே ஜனாதிபதிக் குழுவில் அமரலாம். ரோமா இனத்தவர் ஒருவரும் யூதர் ஒருவரும் எங்களுக்கு அந்த உரிமை ஏன் இல்லையென்று ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்காடி 2009இல் வென்றும், தீர்ப்பு ஆண்டுக்கணக்கில் ஏட்டிலேயே கிடந்தது.

பாஸ்னியாவின் அந்த வழக்கு எனக்கு நாகியம்பட்டி மூதாட்டியின் கேள்வியாகவே கேட்கிறது. கொழும்பும் யாழ்ப்பாணமும் பேசிக்கொண்ட போதெல்லாம் மலைநாடு கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்குறுதியாக இருந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒன்பதே முக்கால் லட்சம் மக்களைப் பங்கிட்டபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு என்று முடிவாயிற்று. அதிகாரத்தைப் பகிரத் தெரியாத இரு தேசங்கள் மனிதர்களைப் பகிர்ந்துகொண்டன. தமிழர் தரப்பும் இதில் குற்றமற்றதன்று. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அதே ஆண்டில்தான் இந்த மூதாட்டியும் படகேறினார். பகிர்வு கேட்கும் இனம் தன் எல்லைக்குள் வாழும் சிறிய இனத்தோடு பகிரச் சித்தமாயில்லையென்றால், அதன் கோரிக்கையின் தார்மிக பலம் அந்த இடத்திலேயே நின்றுபோகிறது. இதைத் தமிழர்களாகிய நாம் உரக்கச் சொல்லத் தயங்குகிறோம், தயங்கலாகாது.

மறுநாள் காலை கெங்கவல்லிக் கடைத்தெருவில் நடக்கையில், தேர்தல் காலத்துச் சுவரெழுத்து ஒன்று வெயிலில் வெளுத்துக் கிடந்தது. இந்தச் சட்டமன்றத் தொகுதி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. 1932 செப்டம்பரில் பூனாவில் அம்பேத்கரும் சவர்ண இந்துக்களின் தலைவர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நேர் வாரிசு அது. தனி வாக்காளர் முறையில் 71 ஸ்தானங்களுக்குப் பதில் 148 ஒதுக்கீட்டு ஸ்தானங்கள் என்று அன்று முடிவானது. தம்மவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து எண்ணிக்கையைப் பெற்ற அந்த ஒப்பந்தத்தில் அம்பேத்கருக்கு முழு மனத்திருப்தி இருந்ததில்லை. அவருடைய குறை இன்றும் நியாயமானதே. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அது அரசியலமைப்புக்குள் ஏறியது. எந்த முதல் மந்திரியும், எந்த ஊர்வலத்துக்கு அஞ்சியும், கெங்கவல்லியின் ஒதுக்கீட்டை ஒரு காகிதத்தில் எழுதி ரத்துச் செய்துவிட முடியாது.

இலங்கையிலும் ஓர் ஏற்பாடு அரசியலமைப்புக்குள் ஏறத்தான் செய்தது. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும், முப்பது வருஷங்களுக்கு முன் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்ட அதே ஜயவர்தனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாக வந்த பதின்மூன்றாவது திருத்தம், ஒன்பது மாகாண சபைகளை உண்டாக்கிற்று. ஆனால் ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. பிரதம செயலாளரை நியமிப்பவரும் அவரே. தேசியக் கொள்கை என்ற பெயரில் எந்த விஷயத்திலும் மத்திய அரசு நுழையலாம். காணி குடியரசின் சொத்து. போலீஸ் அதிகாரம் ஏட்டில் இருந்தும் கைக்கு வரவேயில்லை. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பிரித்தது. 2013 செப்டம்பரில் வட மாகாணத்தார் முதன்முறையாகத் தம் சபைக்கு வாக்களித்து, 38 ஸ்தானங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குத் தந்து, உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர் விக்னேஸ்வரனை முதலமைச்சராக்கினார்கள். 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுவதாக 2017இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அதன்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கைக்கு 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை, அதைச் சமர்ப்பித்த மந்திரியின் வாக்கு உட்பட. பழைய முறை நீங்கியது, புதிய முறை வரவில்லை. ஒன்பது மாகாணங்களும் ஆளுநர்களின் கைக்குப் போயின. இந்த முறை பிக்குகள் எவரும் வாசலில் வந்து உட்கார வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

ஆத்தூர்ப் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்த இளைஞன் வேலைக்குப் போகும் வழியில் எங்களைக் கண்டு நின்றான். இவன் பிறந்தது இங்கேதான், ஆயினும் பிரஜை அல்லன்; 2019ஆம் வருஷத்துக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்னும் மூன்று நாடுகளின் பெயரே உண்டு, இலங்கையின் பெயர் இல்லை. மதுரையில் உயர் நீதிமன்றத்தின் வழியே போராடிக் கடவுச்சீட்டுப் பெற்று, 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் முகாமிலிருந்து வாக்களித்த ஒருவரைப் பற்றி அவன் நன்றாக அறிந்திருந்தான். “நாங்களும் எழுதிப் போட்டிருக்கோம் சார்” என்று சொல்லிவிட்டுச் சென்றான்.

முதலில் செய்ய வேண்டுவது யாது என்று நண்பர் என்னைக் கேட்டார். புதிய அரசியலமைப்பு எழுதப்படும் வரை காத்திராமல், பழைய விகிதாசார முறைக்கே திரும்பும்படி ஒரு சிறு சட்டம் செய்து, மாகாண சபைத் தேர்தலை நடத்திவிட வேண்டும். குறையுள்ளதாயினும் நடக்கின்ற ஒரு சபை இருந்தால்தான், அதன் ஆளுநரிடமிருந்து எந்தெந்த அதிகாரத்தை மீட்பது என்று வழக்காடவாவது ஒருவர் இருப்பார். அடுத்ததாக, ஒரு மாகாணத்தின் அதிகாரத்தை அந்த மாகாணத்தின் சம்மதமின்றிக் குறைக்கலாகாது என்ற ஷரத்து வேண்டும் என்றேன்.

“அந்தத் தேர்தல்ல நாகியம்பட்டிக்காரங்களுக்கு ஓட்டு உண்டா?” என்றார் நண்பர்.

வெளிநாட்டிலிருந்தபடி வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் இடமில்லை. அவர்கள் திரும்பிப் போய், குடியுரிமையை நிரூபித்து, அங்கே ஓர் ஊரில் குடியிருப்போராகப் பெயரைப் பதிந்துகொண்டால் உண்டு என்று சொன்னேன். வவுனியாவில் அந்த மூதாட்டி வெட்டித் திருத்திய காணி இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று அவர் அடுத்துக் கேட்டார். அதற்கும் ஒரு பத்திரம் வேண்டும், அந்தப் பத்திரம் படகில் ஏறும்போது எடுத்துவரப்படவில்லை.